ஜானகி விட்ட இடைவெளி

ஹம்சாவுக்கு வெள்ளிக்கிழமை விமானம். அமெரிக்காவில் பெண்ணுக்குப் பிரசவம். போனால் ஆறு மாதம். பருப்புப்பொடியும் பிள்ளை பெற்றாளுக்கான மருந்துப்பொடியும் பெட்டிக்குள் போய்விட்டன. போகாதது ஜானகியின் ஸ்லோக வகுப்பு ஒன்றுதான்.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்குப் பின்னால், ஜானகி வீட்டுக் கூடத்தில் செவ்வாயும் சனியும் நடக்கிற வகுப்பு. தை மாதம் கோயிலில் பதினான்கு பெண்களும் சேர்ந்து முழுசாகச் சொல்லப் போகிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முதலாகத் தனக்கென்று ஒன்றை ஆரம்பித்து, விடாமல் வந்துகொண்டிருப்பவள் ஹம்சா. அந்த வரிசையில் தானும் உட்கார வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

"கவலையே படாதீங்கோ, நாற்பத்துநாலு பாடமும் ஒரே சிடியில தரேன்" என்று வாக்குக் கொடுத்தவர் ஜானகியின் கணவர் பத்ரிநாராயணன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஜானகி கேசட்டில் சொல்லிவைத்த பாடங்களை அதில் ஏற்றியும் விட்டார். ஆனால் அது ஹார்ட்டிஸ்க்கே பிதுங்கும் அளவு. எம்பி3யாகச் சுருக்கினால்தான் ஒரு சிடிக்குள் அடங்கும். சுருக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் மூன்று கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு மார்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட இவ்வளவு யோசிக்கலை நீங்க" என்றாள் ஜானகி.

"அது ஒரே ஒரு ஜாதகம். இங்கே மூணு."

முதலாவது, ஒவ்வொரு பாடமாகத்தான் சுருக்கும். தள்ளு. இரண்டாவதில் குரல் கணீரென்று இருந்தது. ஆனால் இலவசப் பிரதி என்பதால் ஒரு தடவைக்கு ஐந்து பாடம்தான். ஐந்து முடிந்ததும் 'என்னை வாங்கிக்கொள்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். யாராவது பக்கத்திலேயே இருந்து அதை மூடிவிட்டு அடுத்த ஐந்தைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதோ நாற்பத்துநாலையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டது. போதாததற்கு, 'சத்தமில்லாத இடங்களை எடுத்துவிடவா?' என்று ஒரு கேள்வி வேறு கேட்டது. படிவத்தில் காலி இடம் கண்டால் கோடு போட்டு அடித்தே முப்பது வருஷம் பழகின கை. யோசிக்கவேயில்லை, டிக் போட்டுவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அரைமணிப் பாடம் பதினோரு நிமிஷம் ஆயிடுத்து ஜானு! முக்கால் சிடி காலியா இருக்கும்!"

மறுநாள் ஹம்சா வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவள் இன்னும் படிக்காத பாடம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஹம்சா கைகூப்பிக்கொண்டாள். ஜானகியின் குரல் ஒரு வரி சொன்னது. ஹம்சா திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. அதைப் பிடிப்பதற்குள் அதற்கடுத்தது. நாலு வரி துரத்திப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"எனக்குத்தான் நாக்கு திரும்பலை மாமி" என்றாள், சிரிக்கப் பார்த்து. "விடுங்கோ. தையில நான் கீழே உக்காந்துண்டு கேக்கறேன். அதுவும் புண்ணியம்தானே?"

ஜானகி கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, நான் விட்ட இடமெல்லாம் எங்கே?"

"எந்த இடம்?"

"ஒவ்வொரு வரிக்கும் அப்புறம், அவா ரெண்டு தடவை சொல்லட்டும்னு விட்டேனே. மனசுக்குள்ளயே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துண்டுதானே அடுத்த வரிக்குப் போனேன்! அது எங்கே?"

பத்ரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "காலி இடம்னு நினைச்சேன், ஜானு."

"அது ஹம்சாவோட இடம்."

நல்லவேளை, ஏற்றிவைத்த மூலம் பத்திரமாக இருந்தது; அதை அழிக்கக்கூடாது என்று ஜானகி முன்னமே கண்டித்துச் சொல்லியிருந்தாள். காலண்டர் தாளை எடுத்து இரண்டாவது சாஃப்ட்வேருக்கு நூற்றுக்கு நூறு போட்டார் பத்ரி. புதன்கிழமை காலை காபியோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் நகரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்டி வரும், மூடுவார், அடுத்த ஐந்து. ஒவ்வொன்றிலும் இடைவெளி இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பார். ஜானகி தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

செய்தி தெரிந்த வகுப்புப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "மாமா, எங்காத்துக்காரர் தூக்கத்துல பேசறார். சத்தம் இருக்கற இடத்தை எடுக்க ஏதாவது சாஃப்ட்வேர் உண்டா?" என்று வாசலிலிருந்தே ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். பத்ரியும் சிரித்துவிட்டார்.

எட்டாவது தடவையாகப் பெட்டியை மூடி, மிச்சம் நாலு பாடத்தையும் கொடுத்து முடித்தபோது வியாழன் மத்தியானம். சிடி எழுதும் கருவி வீட்டில் கிடையாது. ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி, பூத்துவாலையில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தி.நகர் போனார். பாண்டிபஜாரில் ரவிக்கை வாங்க வேண்டியிருந்த ஹம்சாவும் கூட வந்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் சண்முகவேல் அரைமணி நேரத்தில் சிடியை எழுதி முடித்தார். சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தார். ஸ்பீக்கரில் ஜானகி ஒரு வரி சொன்னாள். அப்புறம் ஒன்றுமில்லை.

சண்முகவேல் ஸ்பீக்கரைத் தட்டினார். "இன்னா சார், சவுண்டு நின்னுபோச்சு? டிஸ்க்கு வேஸ்ட்டு போலக்கீது. வேற போட்டுத் தர்றேன்." அவர் கை மவுஸுக்குப் போயிற்று.

"கையை எடுங்கோ!" என்றார் பத்ரி.

ஹம்சா ரவிக்கைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த வரியைத் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள், அவசரமில்லாமல், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. பிரின்ட் எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முடித்து வாயை மூடவும், ஜானகியின் குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது.

"அட, நிக்கல!" என்றார் சண்முகவேல். "உங்களுக்கோசரம் வெயிட் பண்ணிக்கினு இருந்துச்சும்மா."

ஹம்சா அதற்குள் அந்த வரியை இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.