ஆணுக்குக் காத்திருக்கத் தெரியாது

பேராசிரியை தரணியைத் திருமூர்த்தி பெண் பார்த்தது இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால். பலகாரத் தட்டை வைத்த கையோடு அவள் சொன்னாள்: “ஆராய்ச்சி முடியட்டுமுங்க. அப்பறம் பண்ணிக்கலாம்.”

“ஆகட்டுமுங்க” என்றார் அவர்.

ஆராய்ச்சி என்னவென்றால், முன்னூறு வருடத்துக்கு முந்தைய குறவஞ்சி நாடகங்களில் ஆணுக்குப் பொழுது எப்படி ஓடுகிறது, பெண்ணுக்கு ஏன் நிற்கிறது என்பது. உலாப் போகிற தலைவனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலைவி ஏங்கிக் கிடப்பாள் அல்லவா, அந்தக் கிடையைத் தரணி நாழிகைக் கணக்கில் அளந்தாள். பட்டம் வந்தது; அளந்து முடியவில்லை. புத்தகமாக வரட்டும் என்றாள். அதற்குள் நொய்யல் ஆறு, சாயப்பட்டறைக் கழிவைச் சுமந்து, எந்த நாட்டுக்காரன் எந்த நிறம் கேட்டானோ அந்த நிறத்திலெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைப் பூச்சிகள் மூன்று தலைமுறையாகத் தின்று தீர்த்து, நாலாவது தலைமுறை பிழைப்புத் தேடி வேறு பீரோவுக்குக் குடிபோனது. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் திருமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தரணி போன் செய்தாள். புத்தகம் அச்சுக்குப் போகிறது, பிழை பார்த்துத் தர வேண்டும். “ஊசி ஓட்டைகூட உங்க கண்ணுக்குத் தப்பாதுங்களே.”

“இன்னைக்காவது வாயைத் தொறந்து கேட்டுப்போடுங்கண்ணா” என்றாள் தங்கை சுப்பாத்தாள். “இல்லாட்டி இனி அந்த ஊட்டுப் படி மிதிக்காதீங்க.”

ஒரு டவுன்பஸ் தூரத்து ராயபுரத்தில், தரணி வீட்டு மேசையில் நானூறு பக்கம். கேட்க வேண்டியதை நாக்கில் வைத்துக்கொண்டே படித்து வந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘ஆணுக்குக் காத்திருக்கத் தெரியாது.’

நாக்கில் இருந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது. துணியில் பழுது கண்ட இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சட்டைப்பையில் கிடந்தது. ஒன்றை உரித்து, அந்த வரியைக் காட்டும்படி ஒட்டினார்.

தரணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “ஏனுங்க, ரெண்டு இடத்துலயும் ஒற்று சரியாத்தானே இருக்குது?”

“நல்லாப் பாருங்க.”

நன்றாகத்தான் பார்த்தாள், எழுத்து எழுத்தாக. பிறகு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். “உங்க கண்ணும் மங்கிப்போச்சுங்க” என்று சிரித்தாள். “அடுத்த ஆராய்ச்சி நொண்டி நாடகமுங்க. ரெண்டே வருசம்.”

அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

“டீ குடிக்காமப் போறீங்களே?”

“பஸ்ஸு வந்துருமுங்க. நிக்காது.”

வீட்டில் சுப்பாத்தாள் கேட்டாள்: “என்னங்கண்ணா சொன்னாங்க?”

“எழுத்தெல்லாம் சரியா இருக்குதாமா.”

சுப்பாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அவளுக்குத் தெரிந்த எழுத்து தலையெழுத்து ஒன்றுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.