ஆனை தொலைந்த கற்றாழை

தாவரவியல் துறையில் எல்லோரும் அவளை வறட்சி என்றுதான் கூப்பிட்டார்கள். மழை எட்டிப் பார்க்காத கரட்டு நிலத்துச் செடிகளை ஆராய்ச்சி செய்கிறாள் என்பது வெளியில் சொல்லும் காரணம். துறைத் தலைவரின் நகைச்சுவைக்கு அவள் சிரிப்பதில்லை என்பது உண்மையான காரணம். தலைவர் அவளுக்குத் தாய்மாமன். வீட்டில் மாமா, கல்லூரி வாசலைத் தாண்டினால் சார்.

மாமா ஒரு பாடப்புத்தகம் எழுதியிருந்தார். 'ஆனைக்கற்றாழை ஒரே முறை பூக்கும். பூத்ததும் பட்டுப்போகும்' என்று சரியாகத்தான் எழுதினார். அச்சில் 'ஆனை' விடுபட்டு வெறும் 'கற்றாழை' ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய உருப்படி காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது மாமாவுக்கு மரியாதைப் பிரச்சினை ஆகிவிட்டது. பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர ஆனைக்கற்றாழைக்கும் கற்றாழைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தும், தேர்வில் கற்றாழை பூத்தால் சாகும் என்று எழுதியவர்கள் தேறினார்கள். சாகாது என்று எழுதியவர்கள் மறுபடி எழுதினார்கள்.

இந்த நேரம் பார்த்து, துறைத் தோட்டத்தில் வறட்சி நட்டிருந்த காட்டுக்கற்றாழை பூத்துத் தொலைத்தது.

அது முளைத்த கரட்டைக் கல்குவாரி விழுங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்து அந்த இனத்தில் மிச்சம் இது ஒன்றுதான். சாம்பல் பூசிய தடித்த இலைகள், ஓரமெல்லாம் சிவந்த பற்கள், கீறினால் நாக்கைச் சுருட்டும் மஞ்சள் பால். ஆனைக்கற்றாழை தன் நடுக்குருத்தையே பூந்தண்டாக நீட்டிவிடும். அப்புறம் வளர அதனிடம் ஒன்றும் இருக்காது. இது அந்த மாதிரி ஊதாரி இல்லை. குருத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஓர் இலையின் கக்கத்திலிருந்து தண்டை விட்டிருந்தது. பூவெல்லாம் வாடியபிறகும் செடி நிற்கும். நின்றால் புத்தகம் நிற்காது.

தோட்டக்காரர் கடப்பாரையோடு வந்தார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோ. ஐயா இதை எடுக்கச் சொல்லிட்டாரு."

"எதுக்காம்?"

"பூத்துடுச்சாம். சாகப்போற செடி தோட்டத்துக்கு அழகில்லையாம்."

வறட்சி செடிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். செய்தி போய், தலைவரே இறங்கி வந்தார்.

"எழுந்திரு. சின்னப்பிள்ளை மாதிரி என்ன அடம் இது?"

"ஒரே ஒரு சந்தேகம் சார். பூத்தா செத்துரும்னு புத்தகத்துல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் கடப்பாரை எதுக்கு? தானா சாகட்டும். செத்த அன்னிக்கு நானே பிடுங்கிப் போடுறேன்."

 சாகாது என்று சொல்லத் தலைவருக்கு வழியில்லை. திரும்பிப் படியேறிப் போனார்.

மறுநாள் செடியின் காலடியில் ரப்பர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயாதான் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி விடச் சொன்னாரு," என்றார் தோட்டக்காரர். "சாகுற உயிரு, தாகத்தோட போகக் கூடாதாம். நல்ல மனசு பாரு."

அந்த நல்ல மனசு வேரை அழுகவைக்கும் என்பது வறட்சிக்குத் தெரியும், தலைவருக்கு அவளைவிட நன்றாகவே தெரியும். அவள் கடப்பாரையை வாங்கினாள். செடியை அலுங்காமல் தோண்டியெடுத்து, வேரிலிருந்த ஈரமண்ணை உதறினாள். கயிற்றில் கட்டி மாடிக்குத் தூக்கிப்போய், தலைவரின் அறைக்கு நேரெதிரே நடைவழி ஆணியில் தொங்கவிட்டாள்.

"என்னது இது?" என்றார் தலைவர்.

"தண்ணி எட்டாத இடம் சார்."

கற்றாழை தொங்கியது. பகலில் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு, இருட்டியபின் திறந்து மூச்சுவிட்டது. வெளி இலைகளில் சேர்த்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குருத்துக்குக் கொடுத்தது. பூக்கள் உதிர்ந்து காய்ந்தன. கீழ் இலைகள் சூம்பின. நடுவில் புது இலை ஒன்று கூர்மையாக எட்டிப் பார்த்தது. வகுப்புக்குப் போகிறவர்கள் நின்று, செடியைப் பார்த்து, மூடிய கதவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக நகர்ந்து போனார்கள்.

ஒருநாள் கதவு திறந்தது.

"கழட்டு அதை. வர்றவன் போறவனெல்லாம் இளிக்கிறான்."

"இன்னும் சாகலையே சார்."

"உங்கம்மாகிட்ட சொல்றேன் இரு."

"அம்மா நேத்தே வந்து பாத்துட்டாங்க. 'தம்பி படிச்ச படிப்புக்கு ஒரு செடிகூடவா சாக மாட்டேங்குது'ன்னு கேட்டாங்க."

"அது சாகாதுடி," என்றார் தலைவர், நடைவழி முழுக்கக் கேட்கும்படி. "பூத்தாலும் சாகாது, தொங்கவிட்டாலும் சாகாது. போதுமா?"

பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது: "சார், அப்ப எங்க மார்க்கு?"

 தலைவரின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வறட்சி கயிற்றை அவிழ்த்தாள். பழைய பாத்தி பக்கம் அவள் போகவில்லை. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் கட்டட வேலைக்கு வந்து மிஞ்சிய ஜல்லியும் செம்மண்ணும் மேடாகக் கிடந்தன; வெயில் நேராக விழும் இடம். மேட்டில் மண்டியிட்டுக் கையாலேயே குழி பறித்தாள்.

தோட்டக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "பாப்பா, இத ஒட்டித்தான் ஐயா கார் நிக்குது. ஒரு வார்த்தை கேட்டுட்டு நட்டா என்ன?"

"நீங்க போய்க் கேளுங்கண்ணே," என்றாள், வேரைச் சுற்றி மண்ணை அமுக்கிக்கொண்டே. "வரும்போது காரையும் எடுக்கச் சொல்லிட்டு வாங்க. இது பக்கக்கன்று விடும், இடம் பத்தாது."