அக்காவின் பங்கு

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தம்பி அக்காவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் கதவைத் தட்டினார். கையில் சின்ன மரப்பெட்டி. உள்ளே ரொட்டியும் திராட்சை ரசமும். கிறிஸ்துவின் உடலும் ரத்தமும் என்று சர்ச்சில் பகிரும் திருவிருந்தைக் கொடுக்க வந்திருந்தார்.

தம்பிக்கு எரிச்சலாக வந்தது. பத்தொன்பது நாளாக அவள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கட்டி அடைத்துவிட்டது. கையில் ஏற்றும் குளுக்கோஸில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் எதையும் கொடுத்துவிடாதீர்கள், மூச்சடைத்துவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"உதட்டுல தொட்டு வச்சிடலாமா?" என்றார் பாஸ்டர். சின்ன வயசு. இப்படிப்பட்ட அறைகள் அவருக்கு இன்னும் பழகவில்லை.

அக்கா மாட்டேன் என்று தலையசைத்தாள். அவள் தையல்காரி. பேச்சுப் போனதிலிருந்து கருப்பு லைனிங் துணியில், துணி வெட்ட அடையாளம் போடும் சாக்பீஸால்தான் எழுதுகிறாள்.

'அவனுக்குக் கொடுங்க.'

லேசுப்பட்டவள் அல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால், தம்பி தன் ஏழு வயது மகனைப் புதைத்த வாரம், திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போக, அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். அதோடு சர்ச் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் அவள் நச்சரிப்பாள். அவன் அன்றைக்குப் பூட்டிக் கிடக்கும் தன் லேத் பட்டறையைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். இப்போது கடைசி நேரத்தில் மடக்கப் பார்க்கிறாள்.

"என்னை விட்டுடுக்கா. சாகப்போறேன்னு சொல்லி ஆள் பிடிக்கிறியா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. துணியை உதறிவிட்டு எழுதினாள்.

'பசிக்குதுடா.'

பாஸ்டர் பெட்டியின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

'நீ தின்னா எனக்குப் போதும். ஒரே உடம்புதானே.'

"கிறிஸ்துவுக்குள்ள நாம ஒரே உடம்புதாம்மா," என்றார் பாஸ்டர். "ஆனா நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் எப்படி..."

"அவரே சொல்றாரு பாரு." தம்பி பாஸ்டரைக் கைகாட்டினான். "எனக்குள்ள யாரும் இல்லக்கா. பையனோட சேத்துப் புதைச்சாச்சு. காலி."

அக்கா வெகுநேரம் எழுதினாள். எழுத்தெல்லாம் கீழே சரிந்தது.

'நான் உனக்குள்ள இருக்கேன்ல. எனக்குள்ள அவர் இருக்கார்.'

அவன் அதைப் படித்தான். எட்டு வருஷமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தானோ என்னவோ. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான். நகக்கண்ணில் கிரீஸ் கருப்பு அப்படியே இருந்தது. இதற்குச் சபைச் சட்டத்தில் இடமில்லை என்பது பாஸ்டருக்குத் தெரியும். ஆனாலும் ஜெபித்து, ரொட்டியைப் பிட்டு, அந்தக் கையில் வைத்தார்.

ரொட்டி காய்ந்திருந்தது. மென்றான். வாயில் எச்சில் ஊறவில்லை. உள்ளுக்குள் வெளிச்சமோ ஆறுதலோ எதுவும் வரவில்லை. மகன் மண்ணுக்குள்தான் இருந்தான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளைப்போல அக்கா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்போது வலித்தது. ரசத்தையும் குடித்து முடித்த பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

நாலு மணிக்கு மூச்சு நின்றது. சுலபமாக நிற்கவில்லை. கடைசி அரை மணி நேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். ஜெபிக்க வாய் வரவில்லை.

டாக்டர் வந்து, நாடி பார்த்து, சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். வயசு கேட்டார். நேரம் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

"இன்னைக்கு மத்தியானம்."

டாக்டரின் பேனா நின்றது. "எதுவும் குடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. என்ன சாப்பிட்டாங்க?"

"ஒரு துண்டு ரொட்டி."

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். திறந்து கிடந்த அக்காவின் வாயை மூடி, அது மறுபடி திறந்துகொள்ளாதபடி, தாடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான்.