பித்தளை யார் வாயில்

பைக்கால் ஏரியின் பனிக்கட்டியில் முக்குளிக்க வெட்டிய ஓட்டையருகே மத்வேய் செய்த காரியத்தைப் பார்த்ததும் அவன் மனைவி ரிம்மா கத்தினாள். மைனஸ் இருபத்திரண்டு டிகிரிக் காற்றில், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் தன் இரண்டு ரெகுலேட்டர்களையும் வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்துவிட்டான் அந்தப் புண்ணியவான்.

"தண்ணிக்குள்ள போய்தான் வாயில வைக்கணும்னு எத்தன வாட்டி சொன்னேன்! மூச்சு ஈரம் உள்ள உறைஞ்சிரும்டா."

"செங்கடல்ல அஞ்சு வருஷமா இப்படித்தான். செத்தா போயிட்டேன்?"

"அது வெந்நீர்த் தொட்டி தம்பி," என்றார், இருவர் இடுப்பிலும் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடிக்கும் தோர்ஜி. "இன்னிக்கு வேணாம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் குதித்துவிட்டான். தனியே விட முடியுமா? ரிம்மாவும் இறங்கினாள்.

அவனுடையவை இரண்டும் பிளாஸ்டிக். இவள் வாயில் இருந்தது பித்தளை. ஏரி எவ்வளவு ஜில்லென்றிருந்தாலும் சிலிண்டரிலிருந்து சீறிவரும் காற்று அதைவிட ஜில். ஏரியின் கொஞ்சநஞ்ச சூட்டைப் பித்தளை உள்ளே கடத்தும். பிளாஸ்டிக் வாசலிலேயே நிறுத்திவிடும்; அதனால் சீக்கிரம் உறையும். ஆனால் இவள் கழுத்தில் தொங்கிய மாற்று ரெகுலேட்டரும் பிளாஸ்டிக்தான். மத்வேய் கொடுத்த பிறந்தநாள் பரிசு. மனசு நோகுமே என்று மாட்டிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அவன் ரெகுலேட்டர் உறைந்து, காற்று நிற்காமல் கொட்டியது. அடுத்ததை வாயில் வைத்தான். ஆறே மூச்சு, அதுவும் போயிற்று. சிலிண்டர் காலியாகிக்கொண்டிருந்தது. குமிழிகளுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, அவள் வாயிலிருந்த பித்தளையைப் பிடுங்கிக்கொண்டான்.

அவள் பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு கயிற்றை நான்கு முறை இழுத்தாள். தூக்கு என்று அர்த்தம். தோர்ஜி இருவரையும் இழுக்கத் தொடங்கினார்.

கஞ்சன் கஞ்சி குடிப்பதுபோல் கொஞ்சங்கொஞ்சமாக மூச்சு எடுத்தாள். பத்து மீட்டரில் நாக்கில் ஐஸ் துகள் நறநறத்தது. காற்று தானாகக் கசிய ஆரம்பித்தது. கசிவு சீறலாயிற்று. ஐயோ, நான் சாகப் போகிறேன்! தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? அவள் கை நீண்டு, அவன் வாயிலிருந்த பித்தளையைப் பற்றியது. அவன் அவளையே பார்த்தான். அவள் இழுத்தாள். அது வரவில்லை. மறுபடி இழுப்பதற்குள் இருவர் தலையும் வெளியே வந்துவிட்டன.

"பொழச்சிட்டீங்கடா!" தோர்ஜி அழுதுகொண்டே இருவரையும் ஒரே கம்பளியில் சுற்றினார்.

மத்வேய்க்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "கை எதுக்கு வந்துச்சு ரிம்மா?"

"உன்னைக் கெட்டியாப் புடிச்சுக்கத்தான் தம்பி," என்றார் தோர்ஜி.

"இல்ல," என்றாள் ரிம்மா. "புடுங்கத்தான்."

மத்வேய் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பிறகு, "தெரியும். நானும் விடக்கூடாதுன்னுதான் கடிச்சிக்கிட்டேன்," என்றான்.

ஒரே கம்பளிக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.