கூப்பிட்டால் வரும்

லாரி உள்ளே வருமுன் காவல் நாயைக் கூண்டில் அடைக்க வேண்டும். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவன் நான். இந்த வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நான் தடியோடு துரத்துவேன், அது பலகை அடுக்குக்கு அடியில் புகுந்துகொள்ளும். போன மாதம் ஒரு டிரைவரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

மகளுக்குத் தலைப்பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. ஒரு மாதம் லீவு கேட்டேன்.

"விசில் அடிச்சா நாய் வரணும். அதுக்கு வழி பண்ணிட்டுப் போ" என்றார் மேஸ்திரி. "மூட்டைக்கு ஆள் கிடைக்கும். இந்தச் சனியனுக்கு யாரு கிடைப்பா?"

நாய்க்கு ஊசி போட வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அடிச்சுக் கூப்பிட்டா நீங்க வருவீங்களாண்ணே?"

"நாங்க வந்துட்டுதானே இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. "தடியைத் தூக்கிப் போடுங்க. விசில் அடிங்க. வந்த நொடியே ஒரு துண்டுக் கறி, ஒரு நல்ல வார்த்தை. தாமதிச்சா எதுக்குக் கொடுத்தீங்கன்னு அதுக்குப் புரியாது. வந்ததும் அடைச்சீங்கன்னா அடுத்த தடவை வராது. பத்துல ஒன்பது தடவை அடைக்காம விட்டுடுங்க. இன்னொருத்தரும் கூப்பிட்டுப் பழக்கணும், மறக்காதீங்க."

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் செய்யவில்லை. இன்னொருத்தன் என்றால் என்னோடு மூட்டை தூக்கும் நெட்டைதான். கறியைக் காட்டி ஏமாற்றி விளையாடுவான், காரியத்தைக் கெடுத்துவிடுவான் என்று பயம்.

முதல் இரண்டு நாள் அது பலகைக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. மூக்குக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். ஐந்தாம் நாள் பாதி முற்றம் வந்தது. ஒன்பதாம் நாள் விசில் வாயைவிட்டு இறங்குமுன் காலடியில் நின்றது. அடைத்தாலும் கோபமில்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விசிலை வாங்கி அவரே ஊதினார். நாய் அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, என்னிடம் வந்து உட்கார்ந்தது. நெட்டை ஊதினான். அதற்கும் என்னிடமே வந்தது.

"பிரமாதமாப் பழக்கியிருக்கே" என்றார் மேஸ்திரி. "அப்ப நீ எப்படிப் போவே?"

"நாலு நாள் கொடுங்க."

"நெட்டைக்கிட்ட அது வர்ற அன்னைக்குப் போ."

மறுநாள் காலையிலிருந்து கறிப் பொட்டலம் நெட்டையின் கையில். நான் கண்ணில் படக்கூடாது. மூட்டை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க இடம் இருந்தது. மூக்கெல்லாம் சிமெண்ட் தூசி. தும்மலை அடக்கி நின்றேன்.

விசில் கேட்டது. "வாடா ராசா, வா" என்று நெட்டை குழைந்தான். நாய் இரண்டு முறை தன்னிடம் வந்து தின்றதாகச் சத்தம் போட்டுச் சொன்னான். எனக்கு உயிர் வந்தது.

மூன்றாவது விசிலின்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை. எடுத்தால் என் குரல் வெளியே கேட்கும். எடுக்காவிட்டால்? நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு மாமா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

வெளியே நகம் தரையில் கீறும் சத்தம் நெருங்கியது. நாய் சந்துக்குள் தலையை நுழைத்து, என் முழங்காலில் முகவாயை வைத்து, வாலை ஆட்டியது.

"வந்துச்சா?" என்று தூரத்தில் மேஸ்திரி கேட்டார்.

"எங்க வந்துச்சு, அண்ணன்கிட்ட போயிருச்சு" என்றான் நெட்டை.

"மாமா, எப்ப வர்றீங்க?" என்றது போன்.

நாயைத் தொடக்கூடாது, தொட்டால் இனியும் என்னிடம்தான் வரும். கையைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அது நகரவில்லை, எனக்கும் நகர இடமில்லை.