காலிப் பெட்டியில் எழுதிய பெயர்

பார்சல் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக எடைபோட்ட கை அவளுடையது. பெட்டியைத் தூக்கினாலே போதும், இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று வாய் சொல்லிவிடும். அப்புறம் தராசில் வைப்பதெல்லாம் சும்மா ரசீதுக்காக. டிசம்பர் வந்துவிட்டால் கவுண்டரில் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அப்போதுதான் சொந்தபந்தம் ஞாபகத்துக்கு வரும்.

அந்த நெரிசலிலும், சாப்பாட்டு நேரத்தில், தன் இரண்டு பிள்ளைகளுக்கு வாங்கிய பரிசுகளை அவள் தராசில் ஏற்றினாள். ஒன்பது வயது மகனுக்கு டார்ச் லைட், ஆறு வயது மகளுக்கு வண்ணப் பென்சில் பெட்டி. கடையிலேயே கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள். கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்ததைக் கண்டுகொள்ளவில்லை. அப்படியும் மகனுடையது குறைந்தது. பேட்டரி சேர்த்து வைத்தாள், போதவில்லை. ஒரு ரப்பர் பந்தையும் போட்ட பிறகுதான் இரண்டும் சரிசமமாக வந்தன.

“ஏன்டி, பாசத்தைக்கூட கிராம் கணக்குலதான் குடுப்பியா?” என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி.

“ஆமா. உனக்கும் ரெண்டு கிராம் போடட்டுமா?”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிறிஸ்துமஸ் என்றாலே இவளுக்கு ஆகாது.

காரணம் அப்பா. ஊருக்கெல்லாம் அவர் தமாஷ் பேர்வழி. வீட்டில் அவருடைய தமாஷ் என்ன தெரியுமா? கிறிஸ்துமஸ் அன்று காலையில் இவளுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பெட்டி. ஒரே காகிதம், ஒரே ரிப்பன். ஒன்றில் பொம்மை இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. காலிப் பெட்டியைப் பிரித்த பிள்ளை, எங்கேயாவது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று கையை விட்டுத் துழாவும். அப்போது அவர் தொடையைத் தட்டிக்கொண்டு “ஏமாந்தியா! ஏமாந்தியா!” என்று சிரிப்பார். சிரிப்பாம் சிரிப்பு! பெற்ற பிள்ளையை அழவைத்துப் பார்ப்பதில் அப்படி என்ன சுகமோ, அந்த மகராசனுக்கே வெளிச்சம். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமலே நிற்பாள்.

முதல் இரண்டு வருஷமும் காலிப் பெட்டி இவளுக்குத்தான் வந்தது. மூன்றாவது வருஷம், இவளுக்கு ஒன்பது வயதானபோது, அப்பா பேனாவை இவள் கையில் கொடுத்தார்.

“நீதான் பெரியவளாயிட்டியே. யாராவது ஒருத்தருக்கு மட்டும்தான் காலிப் பெட்டி. யாருக்குன்னு நீயே பேரை எழுது.”

இவள் தம்பியின் பெயரை எழுதினாள். அவனுக்கு அப்போது ஆறு வயது. அந்த ஒரு வருஷம் மட்டுமா? அதற்கடுத்த மூன்று வருஷமும் எழுதினாள். கடைசித் தடவை அவன் பெட்டியைப் பிரிக்கவேயில்லை. கையில் வாங்கினான், பெயரைப் படித்தான், அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான்.

வளர்ந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் பஸ் ஏறிய அன்றுதான் அதைப் பற்றி வாய் திறந்தான். “அப்பாவை விடுக்கா, அவர் அப்படித்தான். ஆனா பெட்டி மேல இருந்தது உன் கையெழுத்து.” அதோடு சரி. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளைகளிடம் அவனைப் பற்றி இவள் மூச்சுகூட விட்டதில்லை. விட்டால் காரணம் கேட்பார்களே.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, முழங்கால் ஆபரேஷனும் ஆகிவிட்ட அப்பாவைத் தனியாக விட முடியவில்லை. இரண்டு மாதமாக இவள் வீட்டில்தான் இருக்கிறார். வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள்: “இந்த வீட்டுல அந்த விளையாட்டு வேண்டாம்பா.”

“எந்த விளையாட்டு?” என்றார், ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை போல.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானமே வேலை முடிந்து, ஆபீஸில் ஒளித்து வைத்திருந்த பரிசுகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் மரத்தடியில், அவள் வைக்காத இரண்டு பெட்டிகள். ஒரே சிவப்புக் காகிதம், ஒரே ரிப்பன்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் குனிந்து ஒன்றைத் தூக்கினாள். அரைக் கிலோ இருக்கும். மற்றதைத் தூக்கினாள். அட்டை, காகிதம், டேப். வேறு ஒன்றும் இல்லை. அவள் கைக்குத் தெரியாதா என்ன?

பெயர்ச் சீட்டு அடிப்பக்கம் ஒட்டியிருந்தது. திருப்பப் பயமாக இருந்தது. மகள் பெயராக இருந்தால்? அதை மகன் கையாலேயே எழுதவைத்திருந்தால்? தன் வயிற்றில் பிறந்தது தன்னைப் போலவே இருந்துவிட்டால்? கடவுளே, வேண்டாம் என்று கண்ணை மூடித் திறந்து பெட்டியைத் திருப்பினாள்.

மகனுடைய கோணல் எழுத்துதான். எழுதியிருந்தது அவன் பெயர்.

“கெட்டிக்காரப் பயன்னு நெனச்சேன்,” என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “சுத்த அசடா இருக்கான். எவனாவது தன் பேரையே எழுதுவானா?”

“வாயை மூடுங்கப்பா!”

அவள் போட்ட சத்தத்தில் மகன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏன்டா கண்ணு உன் பேரை எழுதின?”

“யாராவது ஒருத்தருக்குன்னு தாத்தா சொன்னாங்க. பாப்பான்னா அழுவா. எனக்குத்தான் காலின்னு முன்னாடியே தெரியுமே, நான் அழ மாட்டேன்ல.” சொல்லும்போதே அவன் உதடு கோணியது.

அப்பாவுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. “உங்கம்மா இவ்வளவெல்லாம் யோசிக்கலடா. பேனாவைக் குடுத்தேன், டக்குன்னு எழுதிட்டா.”

மகன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். “உன்னையும் எழுதச் சொன்னாங்களா? நீ யார் பேரும்மா எழுதின?”

என் பேர்தான்டா என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கிராம் பிசகாமல் நிறுத்து வாங்கிவந்த பரிசுகள் தோளில் கனத்தன. பிள்ளை கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“மாமா பேரை,” என்றாள்.

மகன் புரியாமல் நின்றான்.

“எந்த மாமா?”