உப்பு வளையம்

"பிடிலையும் எடுத்தாம்மா. தம்பி கூடவே குழியில வெச்சிடலாம்," என்றார் அப்பாதுரையின் அண்ணன் சுப்ராயன்.

திரௌபதி புருஷனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேசைமேல் பிடிலின் உடம்பு ஒரு பக்கம், மேல்பலகை ஒரு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. பார்ப்பவர்களுக்கு அது உடைசல். உடைசல் இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கூடத்தில் நெற்றிக்காசோடு படுத்திருந்தார்.

அப்பாதுரை மரக்காணம் உப்பளத்தில் கெமிஸ்ட். சாயங்காலமானால் பிடில் வாசிப்பார். வாசிப்பு சுமார்தான், அவர் வில்லைத் தொட்டால் எதிர்வீட்டுக் கோழி கூண்டுக்குள் போய்விடும். ஆனால் பலகை விஷயத்தில் ஆள் கெட்டி. பலகைமேல் பொடி உப்பைத் தூவி, ஓரத்தில் வில்லை இழுப்பார். அதிராத இடமாகப் பார்த்து உப்பு ஒதுங்கிக் கோடு கட்டும். கோடு சேராவிட்டால் பலகையை இன்னும் கொஞ்சம் சீவுவார்; முழு வளையமாகச் சேர்ந்தால் பலகை பதமாகிவிட்டது என்று அர்த்தம். கடல்காற்றின் ஈரம் அந்த வளையத்தை எப்படிக் கலைக்கிறது என்று அவர் எழுதியதை, எழுபத்துமூன்றாம் வருஷம், வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று போட்டது. "உப்புக்கும் பிடிலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்று ஆபீசே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை.

பலகையை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வது, கல்யாணமான புதிதிலிருந்தே திரௌபதியின் வேலை. பிள்ளையில்லாத வீட்டில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பலகையைப் பற்றித்தான். நேற்றுக் கடைசியாக ஒரு சீவு சீவிவிட்டு, "ஈரம் காயட்டும் திரௌபதி. காலையில பாத்துடலாம். இந்தத் தடவ சேந்துடும்," என்றார். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

சேர்ந்ததா இல்லையா என்று பார்க்காமல் அதை மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. உப்பைத் தூவினாள். ஒரு கையில் பலகை, மறு கையில் வில். இழுத்தால் கிறீச்சென்றது, பலகை சாய்ந்து உப்பு கொட்டியது. மறுபடி தூவினாள், மறுபடி கொட்டியது. ஒண்டியாகச் செய்கிற வேலையா அது? காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வில்லைக் கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில் உப்பைத் தூவிப் பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே, வைக்கோல் தீயில் காய்ச்சிய பறைகள் ஒரே சமயத்தில் முழங்கின. விரலுக்கிடையில் பலகை நடுங்கியது. உப்பு துள்ளியது, ஓடியது, ஒதுங்கியது. எப்போதும் அடைபடாத இடதுபக்கத்து இடைவெளியும் மெல்ல அடைபட்டு, வளையம் முழுசாகச் சேர்ந்தது.

"ஏங்க! சேந்துடுச்சிங்க!"

"இன்னாம்மா?" என்றார் வெளியிலிருந்து சுப்ராயன்.

அவள் பலகையைச் சாயாமல் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சுப்ராயன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா, கொட்டிடும்."

குனிந்து அப்பாதுரையின் மார்பின்மேல் அதை வைத்தாள்.

"அவரு பாக்கட்டும். அப்புறம் எடுத்துக்கினு போங்க."

பறை நின்றது. திறந்திருந்த வாசல் வழியாகக் கடல்காற்று உள்ளே வந்தது. திரௌபதி இரண்டு கையையும் குவித்து உப்பை மறைத்துக்கொண்டாள்.